புள்ளி வைத்த இடங்கள்

முப்பது வருஷங்களுக்கு மேலாக நான் மற்றவர்களுடைய ஆங்கிலத்தைத் திருத்திவந்திருக்கிறேன். பள்ளிக்கூட வாத்தியார் வேலை ஒரு பக்கம், இது இன்னொரு பக்கம். எம்.ஃபில்., பிஎச்.டி. ஏடுகள், அவற்றிலிருந்து பிய்த்தெடுத்துச் சஞ்சிகைகளுக்கு அனுப்பும் கட்டுரைகள். திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் பஸ் பிடித்து ஆறுமுகனேரியிலோ சாகுபுரத்திலோ இறங்கி, உப்பளத்து வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பிளாஸ்டிக் பையில் காகிதக் கட்டுடன் வீடு விசாரித்து வருவார்கள். ஆரம்பத்தில் பக்கத்துக்கு மூன்று ரூபாய் வாங்கினேன். பிறகு கூடியது. கூலி பற்றி எனக்கு வெட்கம் எதுவும் கிடையாது. வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

எத்தனை பேர் என் கைபட்ட வாக்கியங்களால் டாக்டர் ஆனார்கள் என்ற கணக்கு என்னிடம் இல்லை. ஒரு ஏட்டிலும் என் பெயர் இல்லை. நன்றியுரையில் நெறியாளர் இருப்பார், கல்லூரிச் செயலர் இருப்பார், மாமனார் மாமியார் இருப்பார்கள், கணினி அச்சு செய்தவர் இருப்பார், குலதெய்வம் இருக்கும். நான் இருக்கமாட்டேன். நான் கேட்டதும் இல்லை. திருத்தப்பட்ட ஆங்கிலம் என்று ஒப்புக்கொள்வது அவர்களுக்குக் குறைவு, அதில் கூலி வாங்கியவன் என்று தெரிவது எனக்குக் குறைவு என்ற பரஸ்பர சௌகரியத்தில் காரியம் நடந்துவந்தது. விதி இல்லாமலில்லை. ஆங்கிலத்தைச் செப்பனிட்டவர், எழுத உதவியவர் பெயரை நன்றியில் சொல்லுங்கள் என்று மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நெடுநாளாகவே எழுதிவைத்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் அது யார் காதிலும் விழவில்லை. என் காதில் விழுந்தது, நான் வெளியே சொல்லவில்லை.

இப்போது என் இடத்துக்கு யந்திரம் வந்திருக்கிறது. அதன் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்கிறார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. இரண்டு மாதம் போவதற்குள் சில கட்டுரைகளில் அதையே சக ஆசிரியராகப் போட்டுவிட்டார்கள். 2023 ஜனவரியில் 'நேச்சர்' கூடாது என்றது, 'சயன்ஸ்' இன்னும் கடுமையாகக் கூடாது என்றது. பிப்ரவரியில் பதிப்பு அறக் குழுவான 'கோப்' காரணத்தைச் சொன்னது: எழுதியதற்குப் பொறுப்பேற்க யந்திரத்தால் முடியாது, ஆகவே அது ஆசிரியர் அல்ல, பயன்படுத்தியிருந்தால் எங்கே எப்படி என்று சொல், பிழைக்கு நீதான் பொறுப்பு. சரியான விதி. படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது. பொறுப்பேற்கும்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பஸ் ஏறிப்போய் நின்றிருப்பேனா என்பதும் சந்தேகந்தான்.

சாட்ஜிபிடி வந்தபின் வாசலில் ஆள் நிற்பது நின்றுபோயிற்று. போன ஆவணியில் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். தனியார் கல்லூரி ஒன்றில் தற்காலிக விரிவுரையாளர், சரித்திரத்தில் பகுதிநேர ஆய்வு. பிஎச்.டி. வாங்கக் கட்டுரை வெளியிட்டிருக்கவேண்டும் என்ற கட்டாயத்தை 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு எடுத்துவிட்டது. விதி போனாலும் வழக்கம் போகவில்லை. வேலைக்குப் போகிற இடத்தில் எத்தனை கட்டுரை என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

"மாமா, இங்கிலீஷ் மட்டும் ஒரு தடவ பாத்துக் குடுங்க. பாக்கி எல்லாம் சரியா இருக்கு."

இங்கிலீஷ்தான் சரியாக இருந்தது. நான் எழுதியிருந்தால்கூட அவ்வளவு வழவழப்பாக வந்திருக்காது. ஒவ்வொரு பத்தியும் ஒரே நீளம், ஒவ்வொரு பத்தியின் கடைசியிலும் ஒரு தீர்மானம். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நின்றுபோனது பற்றிய கட்டுரை அது. 1955இலிருந்து 1961வரை அரசாங்கம் நடத்திய குளிப்புகளோடு இந்தக் கரையில் அந்தத் தொழில் முடிந்தது. அதற்கு முன்பும் அது வருஷா வருஷம் நடந்த விவசாயம் அல்ல. 1920களின் கடைசிக்குப் பிறகு 1955வரை கடல் ஒன்றும் கொடுக்கவில்லை. பாரில் சிப்பி விளையும், விளையாது. விளைந்ததாகப் பார்த்துவிட்டு வந்த அடுத்த வருஷம் மணல் மட்டும் கிடக்கும். ஏன் என்பதற்கு மீன்களும் திருக்கையும் தின்றது, நீரோட்டம் மணலைத் தள்ளி மூடியது என்று நூறு வருஷமாக அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் பல காரணங்களை எழுதியிருக்கிறார்கள். எதுவும் முழுக் காரணமாக நிலைத்ததில்லை.

அவள் கட்டுரையில் காரணங்கள் மூன்று, எண்ணிட்டு, சந்தேகமில்லாமல் இருந்தன.

பழக்கதோஷத்தில் பின்பக்கத்தைத் திருப்பினேன். மேற்கோள் பட்டியலில் ஜேம்ஸ் ஹார்னெல் பெயரில் நான் கேள்விப்படாத கட்டுரை ஒன்று. ஹார்னெல் எனக்குக் கொஞ்சம் பரிச்சயம். சென்னை மாகாண மீன்துறையில் இருந்தவர், இந்தக் கரையின் சங்கு, முத்து, தோணி எல்லாவற்றையும் பற்றி எழுதியவர். தேடினேன். தலைப்பு இல்லை, அந்தத் தொகுதியில் அந்தப் பக்கங்களில் வேறு யாரோ வேறு எதையோ எழுதியிருந்தார்கள். இன்னொன்றைத் தேடினேன், அதுவும் இல்லை.

இதில் மாயம் எதுவும் இல்லை. எழுதிக்கொண்டுவந்த சொற்களுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்ற சாத்தியத்தைக் கணக்கிட்டு யந்திரம் அடுக்கிக்கொண்டே போகிறது. அப்படி அடுக்குவதற்கு மேற்கோள் பட்டியலைப் போல வசதியான எழுத்து வேறு இல்லை. பெயர், ஆண்டு, தலைப்பு, சஞ்சிகை, தொகுதி, பக்கம் என்று அதன் உருவம் மாறுவதில்லை. தன்பாட்டில் விட்டால் யந்திரம் அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்ப்பதில்லை. தேடிப் பார்க்கும் வசதியை இப்போது சேர்த்திருக்கிறார்கள், தேடியதைச் சரியாகப் படித்ததா என்பதை மனிதன்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

"இத நீ படிச்சியாம்மா?"

"எது மாமா?"

"இந்த ஹார்னெல்."

கொஞ்சம் பேசாமல் இருந்தாள். "லிஸ்ட்டு அதுவே குடுத்துச்சு மாமா. எல்லாரும் அப்படித்தான போடுதாங்க."

எல்லாரும் என்று அவள் சொன்னது பொய்யில்லை. யந்திரத்துக்கு முன்பும் பொய்யில்லை. கட்டுரை எழுதுவது எப்படி என்று விளக்க எல்ஸவியர் பதிப்பகம் தன் மாதிரிப் படிவத்தில் வான் டெர் கீர் முதலியோர், 2000 என்று கற்பனை மேற்கோள் ஒன்றைக் கொடுத்திருந்தது. அந்த இல்லாத கட்டுரையை ஏறக்குறைய நானூறு கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தன என்று லெய்டன் பல்கலைக்கழகத்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கண்டுபிடித்தார். படிவத்தை அழிக்க மறந்தவர்கள் பாதி, யாரோ போட்டதைப் பார்த்துத் தாங்களும் போட்டவர்கள் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். தமிழ்த்துறைகளைப் பற்றி நம் சிறுபத்திரிகைகள் கேலி செய்யாத நாள் இல்லை. இன்னார் நாவல்களில் சமுதாயச் சிக்கல்கள், இன்னார் கவிதைகளில் உவமைகள் என்று ஆளை மட்டும் மாற்றி ஐந்து இயல்களில் ஏடு கட்டியவர்களுக்கு யந்திரம் புதிதாக எதைக் கற்றுத்தந்துவிட்டது? கையால் செய்ததை அது வேகமாகச் செய்கிறது. கேலி செய்கிற நாமும் அந்த ஏடுகளில் ஒன்றைப் பத்துப் பக்கம் தாண்டிப் படித்தவர்கள் இல்லை.

2018இல் மானியக் குழு களவைத் தடுக்க விதி கொண்டுவந்தது. பிறர் எழுத்தோடு பத்து சதவிகிதம்வரை ஒத்திருந்தால் குற்றமில்லை, அதற்குமேல் படிப்படியாகத் தண்டனை. நல்லெண்ணந்தான். மாணவர்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டது பத்துக்குக் கீழே இறங்குவது எப்படி என்பதை. ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல்லைப் போட்டுத்தரும் மென்பொருள்கள் இருந்தன. இது எங்கள் ஊர் வியாதி மட்டும் அல்ல. 2021இல் கபனாக், லபே, மகாஸினோவ் என்ற மூவர் விஞ்ஞானச் சஞ்சிகைகளில் இப்படிச் சித்திரவதைப்பட்ட தொடர்களைச் சேகரித்து வெளியிட்டார்கள். மார்பகப் புற்றுநோய், நெஞ்சத்து ஆபத்து என்று ஆகியிருந்தது. செயற்கை நுண்ணறிவு, கள்ளப் பிரக்ஞை ஆகியிருந்தது. (கவிதைத் தொகுப்புக்கு நல்ல பெயர், யாராவது எடுத்துக்கொள்ளலாம்.) இவை மதிப்பீட்டாளர் பார்த்து, ஆசிரியர் பார்த்து அச்சேறியவை. ஒருவராவது ஒரு வாக்கியத்தையாவது படித்திருந்தால் நடந்திருக்காது.

அடுத்து, எழுதியது யந்திரமா மனிதனா என்று கண்டுபிடிக்கும் யந்திரங்கள் வந்தன. 2023இல் ஸ்டான்ஃபோர்டில் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் தேர்வுக்காகத் தாமே எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்பான்களிடம் கொடுத்தபோது, சராசரியாகப் பாதிக்கு மேல் யந்திரம் எழுதியவை என்று அவை முத்திரை குத்தின. தெரிந்த கொஞ்சம் சொற்களை வைத்துக்கொண்டு ஜாக்கிரதையாக எழுதுகிறவனின் ஆங்கிலம் யந்திரத்துக்குத் தன் ஆங்கிலம் மாதிரி தெரிகிறது. காயல்பட்டினத்திலோ குரும்பூரிலோ படித்துவிட்டு ஆங்கிலத்தில் சரித்திரம் எழுதவேண்டிய பெண்ணின் நிலை இது. தானே எழுதினால் மதிப்பீட்டாளர் மொழி சரியில்லை என்று திருப்பி அனுப்புவார், யந்திரத்திடம் கொடுத்தால் குற்றம், தானே எழுதினாலும் யந்திரம் எழுதியதோ என்ற சந்தேகம். என்னிடம் பக்கத்துக்கு மூன்று ரூபாய் கொடுத்தவர்களும் இந்தப் பொறியில் அகப்பட்டவர்கள்தான். ஆகவே அவள் யந்திரத்தைத் தொட்டதற்காக அவளைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. பணம் இல்லாதவளுக்கும் இப்போது நல்ல ஆங்கிலம் கிடைக்கிறது. என் பிழைப்பு போனதை இதற்கு எதிராக வைக்க முடியாது.

ஆனால் ஹார்னெல் என்னைத் தூங்கவிடவில்லை. சொல்கிறேன் என்றேனே, அந்த வெட்கம் இதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆய்வு மாணவர் சங்கு, முத்து வியாபாரம் பற்றிய கட்டுரை கொண்டுவந்தார். ஓரிடத்தில் முத்துக்குளிப்பு பற்றி ஹார்னெல் சொல்வதாக ஒரு வாக்கியம், ஆண்டு இல்லை. வழக்கமாக இப்படிப்பட்ட இடங்களில் ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைப்பேன். அவர் வந்து உட்கார்ந்து பதில் சொல்லவேண்டும். தெரியாவிட்டால் நூலகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி வரவேண்டும். என் வேலையில் மதிப்புள்ள பகுதி எது என்று இப்போது கேட்டால் அந்தக் கேள்விக்குறிகளைத்தான் சொல்வேன். இலக்கணம் யாரும் பார்க்கலாம். அன்றைக்கு அவர் மறுநாளே அனுப்பவேண்டும் என்று அவசரப்பட்டார். எனக்குத்தான் ஹார்னெல் தெரியுமே. ஞாபகத்திலிருந்து 1914 என்று எழுதினேன், தொகுதி எண்ணும் எழுதினேன். கை தயங்கவில்லை என்பது நன்றாக நினைவிருக்கிறது.

1914 அவருடைய சங்கு நூலின் ஆண்டு. ஒரு நூலின் தலைப்பையும் இன்னொரு நூலின் ஆண்டையும் ஒட்டவைத்துவிட்டேன். இன்றைக்கு யந்திரம் செய்வதாக எல்லோரும் புகார் சொல்கிற அதே காரியம். ஒரு சிறிய சஞ்சிகையில் கட்டுரை வந்தது. சில வருஷங்கள் கழித்து என்னிடம் திருத்தத்துக்கு வந்த வேறொரு ஏட்டில் அதே 1914. இன்னொன்றிலும். அவர்கள் ஹார்னெலைத் திறந்து பார்த்திருக்கவில்லை, என்னை நகல் எடுத்திருந்தார்கள். அந்த இரண்டு இடத்திலும் அடித்துத் திருத்தினேன். எங்கிருந்து வந்தது என்று ஏன் கேட்கவில்லை என்றால், எனக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் அவள் கட்டுரையை மறுபடி முதலிலிருந்து படித்தேன். புன்னக்காயலில் எண்பது தாண்டிய ஒரு பெரியவரை அவள் போய்ப் பார்த்துப் பேசியிருந்தாள். 1961இல் சிறு பையனாகத் தோணியில் கூடப்போனவர். அவர் சொன்னதாகக் கட்டுரையில் வந்த வரிகளைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: அளவுக்கு மீறிய அறுவடையும் கடல் சூழலில் ஏற்பட்ட மாற்றங்களும் இத்தொழிலின் வீழ்ச்சிக்குக் காரணம் என்று பாரம்பரிய அறிவின் பிரதிநிதியான அவர் கருதுகிறார்.

எந்தக் கரையிலும் எந்தக் கிழவனும் இப்படிப் பேசமாட்டான். ஒலிப்பதிவு இருக்கிறதா என்றேன். கைபேசியில் இருந்தது. கடற்காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் கேட்கிறது: ஏன் தாத்தா நின்னு போச்சு? கொஞ்ச நேரம் காற்று மட்டும். பிறகு அவர்: "எனக்கென்ன தெரியும் தாயி. சிப்பி இருந்திச்சி, எடுத்தாங்க. பொறவு இல்ல."

அவ்வளவுதான். அவள் குறிப்பேட்டிலும் அதையே எழுதியிருந்தாள். யந்திரத்திடம் குறிப்புகளைக் கொடுத்துக் கண்டறிந்தவை என்ற பகுதியை எழுதித்தரச் சொன்னபோது, தெரியாது என்ற இடத்தில் அது காரணத்தைப் போட்டுவிட்டது. கண்டறிந்தவை என்ற தலைப்பின் கீழ் ஏதாவது கண்டறியப்பட்டிருக்கவேண்டும் அல்லவா. இல்லாத புத்தகத்தை ஒருவன் தேடினால் இல்லை என்று தெரிந்துவிடும். சொல்லாத வார்த்தையை அந்தப் பெரியவர் வாயில் வைத்தால் யார் போய்க் கேட்கப்போகிறார்கள்? அவருக்கு ஆங்கிலம் தெரியாது, அந்தச் சஞ்சிகை அவர் கண்ணில் படப்போவதில்லை. இன்னும் சில வருஷத்தில் வேறொருவர் அவளை மேற்கோள் காட்டி, முத்துக்குளித்தவர்களே இப்படித்தான் நினைத்தார்கள் என்று எழுதுவார்.

எனக்கு உ.வே. சாமிநாதையர் நினைவுக்கு வந்தார். 1894இல் அவர் பதிப்பித்த புறநானூற்றில் ஏடு சிதைந்த இடங்களில் புள்ளிகள் இருக்கும். சில பாட்டுகளில் ஓரடி முழுக்கப் புள்ளி. யாப்பு அவருக்கு விரல்நுனி. அந்த இடங்களில் அளவு பிசகாமல், சங்கத் தமிழ் போலவே ஒலிக்கும் சொற்களை இட்டு நிரப்ப அவரைவிடத் தகுதியானவர் அன்று யார்? பத்துப்பாட்டு வேலையின்போது குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் பட்டியல் நடுவே சில பெயர்கள் ஏட்டில் உதிர்ந்துபோயிருந்தன. தருமபுர மடத்து ஏட்டில் அவை கிடைக்கும்வரை தேடினார். பூப்பெயர்தானே, நான்கு பெயர் போட்டிருந்தால் இன்றைக்கு நாம் மனப்பாடம் செய்துகொண்டிருப்போம். எந்த ஏடு யாரிடமிருந்து கிடைத்தது என்று முகவுரையில் பெயர் பெயராக எழுதினார். யந்திரத்துக்குப் புள்ளி வைக்கத் தெரியாது என்று சொல்லமாட்டேன், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல் என்று கேட்டால் சிலசமயம் சொல்கிறது. கேட்கவேண்டும் என்ற எண்ணம் கேட்கிறவனுக்கு இருக்கவேண்டும். எனக்கே ஒருநாள் இல்லாமல் போயிற்று.

அவளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. ஒலிப்பதிவை இன்னொரு தடவை போட்டுக்காட்டினேன்.

"காரணம் இல்லாம எந்த ஜர்னலும் போடாது மாமா."

"தெரியாதுன்னு அவரு சொன்னாருன்னே போடேன்."

"ரிவ்யூவர் கேப்பாங்க, அப்ப நீ என்ன கண்டுபிடிச்சன்னு."

அவள் சொல்வது நடக்கும். அந்த ரிவ்யூவரே யந்திரமாக இருக்கவும் கூடும். 2023, 2024இல் நடந்த சில கணினி மாநாடுகளின் மதிப்புரைகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் 6.5இலிருந்து 16.9 சதவிகிதம்வரையான எழுத்தில் யந்திரத்தின் கை கணிசமாக இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டு, மனிதக் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில், இந்தக் கட்டுரையைப் புகழ்ந்து எழுது என்று யந்திரத்துக்கு ரகசியக் கட்டளை பதித்துவைத்த கட்டுரைகள் 2025இல் பிடிபட்டன. யந்திரம் எழுத, யந்திரம் படிக்க, நடுவில் புன்னக்காயல் கிழவர் ஒருவர் எனக்கென்ன தெரியும் என்கிறார்.

பத்து நாள் கழித்து வந்தாள். இல்லாத மேற்கோள்கள் போயிருந்தன. காரணங்கள் மூன்றும், யார் யார் சொன்னவை என்ற விவரத்தோடு, சந்தேகத்தோடு இருந்தன. பெரியவர் சொன்னதை அவர் சொன்னபடியே தமிழில் கொடுத்து, பக்கத்தில் தானே ஆங்கிலப்படுத்தியிருந்தாள். அந்த ஆங்கிலம் கொஞ்சம் நொண்டியது. திருத்தப்போனவன் விட்டுவிட்டேன். கட்டுரை எடையில் பாதி ஆகியிருந்தது. ஏற்றுக்கொள்வார்களா என்று தெரியவில்லை.

கடைசிப் பக்கத்தில், மொழியைச் செப்பனிட இன்ன யந்திரம் பயன்பட்டது என்ற ஒரு வரி.

"அதப் போடணுமாம் மாமா. அப்ப ஒங்க பேரையும் போடட்டுமா?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. வேண்டாம் என்று வாய்வரை வந்தது. போடு, ஆனால் அதற்கு முன் எனக்கு ஒரு வேலை இருக்கிறது என்றேன்.

தொண்ணூறுகளில் அந்தக் கட்டுரை வந்த சஞ்சிகைக்குத் திருத்தம் எழுதலாம் என்று விசாரித்தேன். அது நின்று பல வருஷம் ஆயிற்று. அந்த மாணவர் எங்கே இருக்கிறார் என்பதும் தெரியவில்லை. அனுப்ப முகவரி இல்லாததால் இங்கே எழுதுகிறேன். மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா முத்துக்குளிப்பு பற்றிய ஹார்னெலின் நூல் 1922இல், சென்னை மீன்துறை வெளியீட்டுத் தொடரில் பதினாறாவது தொகுதியாக வந்தது. 1914 சங்கு நூலுக்கு உரியது, அது ஏழாவது. தவறு என்னுடையது, அந்த மாணவருடையது அல்ல.